பழைய கேரம் போர்டில் ஒரு செஸ் கணினி

முதலில் ஒரு பழைய கேரம் போர்டு தேடுங்கள். வடசென்னையில் அதற்காக அலைய வேண்டியதில்லை. வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் கேரம் ஆடும் இடம் ஒன்று இருக்கும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். பிள்ளைகள் ஆடித் தேய்த்த சின்ன போர்டு ஒன்று யார் வீட்டுப் பரணிலாவது கட்டாயம் கிடக்கும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

அந்தப் போர்டின் அடியில் காந்தத்தை உணரும் 64 ஸ்விட்சுகளும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் பொருத்தப் போகிறோம். நீங்கள் மரக்காயை நகர்த்தினால் அது தெரிந்துகொள்ளும், யோசிக்கும், தன் பதில் நகர்வை விளக்கு எரித்துக் காட்டும். நீங்கள் அதன் காயையும் நகர்த்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான். கை வைத்து ஆடுகிற ஆட்டம் இது. எங்கள் தெருப் பிள்ளைகள் போனில் ஆடும்போது ஒரு நகர்வுக்கு இரண்டு விநாடி யோசிப்பதில்லை. இந்தப் பலகைக்கு முன் உட்கார்ந்தால் காயைத் தொடுவதற்கு முன் நிதானிக்கிறார்கள். நான் இதைச் செய்ய ஆரம்பித்ததே அதற்காகத்தான்.

இவ்வளவு சின்ன சிப் செஸ் ஆடுமா என்று சந்தேகம் வேண்டாம். 1976-ல் பீட்டர் ஜென்னிங்ஸ் எழுதிய மைக்ரோசெஸ், கிம்-1 என்ற ஒற்றைப் பலகைக் கணினியில் ஏறக்குறைய 1 கிலோபைட் நினைவகத்துக்குள் ஓடியது. நாம் போடப்போகும் இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலரில் 520 கிலோபைட் இருக்கிறது, வேகம் 240 மெகாஹெர்ட்ஸ். ஆர்டுயினோ ஊனோ என்ற எளிய போர்டிலும் முடியும். ஆனால் அதன் 2 கிலோபைட்டில் ஒவ்வொரு பைட்டாக எண்ணி எழுத வேண்டியிருக்கும். முதல் முறை செய்பவருக்கு அந்தச் சிரமம் தேவையில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நிரலில்தான் தொடங்குகிறார்கள். நான் பலகையில் தொடங்கச் சொல்வேன். பலகை ஒரு கட்டத்தைத் தப்பாகப் படித்தாலும் நிரல் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தும் பயனில்லை. தப்பு எங்கே என்று தேடியே ஒரு வாரம் போய்விடும்.

சாமான் வாங்குவது

டோல்கேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

இஎஸ்பி32 போர்டு ஒன்று, 0.96 இஞ்ச் ஓஎல்இடி திரை ஒன்று, 74ஹெச்சி595 சிப் (மூன்று கம்பியில் வரும் தரவை எட்டு வெளியீடாகப் பிரிப்பது) மூன்று, அவற்றுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மூன்று, 1என்4148 டையோடு 64, சிவப்பு எல்இடி 16, 330 ஓம் ரெசிஸ்டர் 16, அழுத்தும் பட்டன் இரண்டு, 10 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள வட்ட நியோடிமியம் காந்தம் 34. எல்இடி சிவப்பாகவே இருக்கட்டும். நீல விளக்குக்கு 3 வோல்ட் அளவுக்குத் தேவைப்படும். நம் மின்னழுத்தம் 3.3 வோல்ட்தான், மங்கலாக எரியும்.

காந்தத்தை உணரும் ஸ்விட்சின் பெயர் ரீட் ஸ்விட்ச். 64 தேவை, 75 வாங்குங்கள். கண்ணாடிக்குழாய் உடையத்தான் செய்யும். சாதாரணமாகத் திறந்திருந்து, காந்தம் வந்தால் மூடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பதில், காந்தத்தை உணரும் சிப்பான ஹால் சென்சார் போடலாமே என்று கடையில் சொல்வார்கள். அங்கே எளிதாகக் கிடைக்கும் ஏ3144 வகைக்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், இஎஸ்பி32-இன் 3.3 வோல்ட்டோடு நேரடியாக ஒத்துப்போகாது. அதோடு காந்தத்தின் ஒரு முனையை மட்டும்தான் அது உணரும். ஒரு காயில் காந்தத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டால் அந்தக் காய் பலகைக்குத் தெரியவே தெரியாது. ரீட் ஸ்விட்சுக்கு எந்த முனையானாலும் சரி. நம் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் உப்புக் காற்றில் திறந்த செம்புத் தொடுமுனை கொஞ்ச நாளிலேயே பச்சை பூத்துவிடும். ரீட் ஸ்விட்சின் தொடுமுனைகள் கண்ணாடிக்குள் அடைபட்டிருப்பதால் அவற்றுக்குக் காற்றும் உப்பும் எட்டாது.

எனக்கு மொத்தச் செலவு 2500 ரூபாய்க்குள் முடிந்தது. சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் ஏற்கெனவே இருந்தன.

பலகை

சின்ன கேரம் போர்டுதான் இதற்குப் பொருத்தம். வெளியளவு 50 சென்டிமீட்டர், பிளைவுட் கனம் 3 அல்லது 4 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. போட்டிகளில் ஆடும் பெரிய போர்டின் பிளைவுட் 8 மில்லிமீட்டருக்கு மேல் போகும், காந்தத்தின் இழுப்பு அதைத் தாண்டி வருவது கஷ்டம். ஈரத்துணியால் பவுடரைச் சுத்தமாகத் துடைத்துக் காயவிடுங்கள். பவுடர் இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

நடுவில் ஒரு கட்டத்துக்கு 4 சென்டிமீட்டர் என்று 32 சென்டிமீட்டர் சதுரம் வரையுங்கள். அதைவிடப் பெரிதாக வரைந்தால் மூலைக் கட்டங்கள் கேரம் பாக்கெட்டில் போய் இடிக்கும். போர்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் குறுக்குச்சட்டம் இருந்தால் கழற்றி, கட்டங்களுக்கு நடுவே உள்ள கோட்டின் மேல் வருமாறு மாற்றி அடியுங்கள். கீழே ஆழம் போதவில்லை என்றால் நாலு பக்கமும் ஒரு இஞ்ச் ரீப்பர் அடித்து உயர்த்திக்கொள்ளுங்கள்.

வெட்டிய காய்களைக் கேரம் பாக்கெட்டில் போட்டுவிடலாம் என்று எனக்கு ஆசையாக இருந்தது. போட்டும் பார்த்தேன். நாலைந்து காயின் காந்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பெரிய காந்தமாகி, பக்கத்து மூலைக் கட்டத்தின் ஸ்விட்சை மூடிவிட்டன. யானையை எடுத்த பிறகும் பலகை யானை அங்கேயே இருப்பதாகச் சொன்னது. பாக்கெட்டுகளை அட்டை வைத்து மூடி, வெட்டிய காய்க்குத் தனி டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரீட் ஸ்விட்சை எங்கே ஒட்டுவது என்பது. இந்த ஒரு பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். வட்டக் காந்தத்தின் இரு முனைகளும் மேலும் கீழுமாக இருக்கும். அதன் அடியில் ரீட் ஸ்விட்சைப் படுக்கை வாக்கில், கட்டத்தின் நட்டநடுவே வைத்தால் அது மூடாது. காந்தப்புலம் ஸ்விட்சின் இரண்டு பாதியிலும் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றையொன்று அழித்துவிடும். காய் சரியாக நடுவில் நிற்கும்போது தெரியாது, சற்று விலகினால் தெரியும். எனக்கு இது தெரியாமல் 64-ஐயும் நடுவிலேயே ஒட்டி, ஈயமும் வைத்து முடித்துவிட்டேன். அத்தனையையும் கழற்றி மறுபடி ஒட்டியதில் பதினோரு ஸ்விட்சு உடைந்தது. நீங்கள் கட்டத்தின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே கண்ணாடிக்குழாயின் ஒரு நுனி வருமாறு, அதாவது 6, 7 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் ஒரே ஒரு ஸ்விட்சை டேப் போட்டு ஒட்டி, மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில் வைத்து, காந்தம் ஒட்டிய காயை மேலே கட்டத்துக்குள் நகர்த்திப் பாருங்கள். பீப் சத்தம் எங்கெல்லாம் வருகிறது, எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, அந்த அளவிலேயே மீதி 63-ஐயும் ஒட்டுங்கள்.

ஸ்விட்சின் கம்பியை வளைக்கும்போது கண்ணாடியை ஒட்டிய இடத்தைச் சின்ன மூக்குக் கட்டிங் பிளேயரால் பிடித்துக்கொண்டு, அதற்கு வெளியே வளையுங்கள். கையால் வளைத்தால் கண்ணாடி விரிசல் விடும். வெளியே தெரியாது, ஒரு மாதம் கழித்து வேலை செய்யாமல் போகும்.

ஈயம் வைப்பது

ஒவ்வொரு ரீட் ஸ்விட்சுக்கும் ஒரு டையோடு. ஸ்விட்சின் ஒரு முனை அந்த வரிசையின் கம்பிக்கு. மறுமுனை டையோடின் கோடு இல்லாத பக்கத்துக்கு. டையோடின் கோடு போட்ட பக்கம் அந்தப் பத்தியின், அதாவது மேலிருந்து கீழாகப் போகும் கட்டங்களின் கம்பிக்கு. எட்டு வரிசைக் கம்பிகளும் நேராக இஎஸ்பி32-க்கு வரும். எட்டுப் பத்திக் கம்பிகளும் முதல் 595 சிப்பின் எட்டு வெளியீடுகளுக்குப் போகும். நிரல் ஒரு நேரத்தில் ஒரு பத்தியை மட்டும் பூஜ்யத்துக்கு இறக்கி, எந்த வரிசைகள் அதோடு இறங்குகின்றன என்று பார்க்கும். எட்டுத் தடவை பார்த்தால் பலகை முழுவதும் படித்தாகிவிட்டது.

டையோடு போடாமலே வேலை செய்கிறதே என்று காலிப் பலகையில் தோன்றும். ஏ1, பி1 இரண்டிலும் காய் வைத்தவுடன் முதல் வரிசைக் கம்பி வழியாக இரண்டு பத்திகள் இணைந்துவிடும். ஒன்று 0 வோல்ட், இன்னொன்று 3.3 வோல்ட், சிப்பின் இரண்டு வெளியீடுகள் நேருக்கு நேர் மோதும், சிப் சூடாகும். செஸ்ஸில் ஆட்டம் தொடங்கும்போதே இரண்டு முழு வரிசை நிரம்பி நிற்கிறது. அதனால் 64 டையோடில் ஒன்றைக்கூட விட்டுவிட முடியாது.

595 சிப்பில் 16-ஆம் கால் 3.3 வோல்ட், 8 கிரவுண்டு, 13 கிரவுண்டு, 10-ஐ 3.3 வோல்ட்டில் கட்டிவிடுங்கள். 14 தரவு, 11 கடிகாரம், 12 லாட்ச் (வந்த தரவை வெளியீடுகளுக்குத் தள்ளுவது). முதல் சிப்பின் 9-ஆம் காலை அடுத்த சிப்பின் 14-க்குக் கொடுத்தால் மூன்று சிப்பும் சங்கிலியாகிவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் 16 விளக்குகளுக்கு: எட்டு கீழ் ஓரத்தில், எட்டு இடது ஓரத்தில். கணினி குதிரையை ஜி8-லிருந்து எடுக்கச் சொன்னால் ஜி விளக்கும் 8 விளக்கும் எரியும். 64 கட்டத்துக்கும் விளக்கு வைக்கலாம்தான், ஆனால் இந்த முறையில் ஆடினால் பிள்ளைகளுக்குக் கட்டத்தின் பெயர் தானாக மனப்பாடம் ஆகிவிடுகிறது.

இஎஸ்பி32-இன் எல்லாக் கால்களும் ஒரே மாதிரி இல்லை. 6 முதல் 11 வரை உள்ளே ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போய்விட்டன, தொடாதீர்கள். 34 முதல் 39 வரை உள்ளவற்றில் உள் புல்-அப் (காலை 3.3 வோல்ட்டை நோக்கி இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. 12-ஆம் கால் ஆன் செய்யும் நேரத்தில் மேலே இழுக்கப்பட்டிருந்தால் போர்டு கிளம்பாமலே நின்றுவிடலாம். நான் போட்டது: வரிசைகளுக்கு 4, 13, 14, 25, 26, 27, 32, 33, சிப்புகளுக்கு 23, 18, 19, திரைக்கு 21, 22, பட்டன்களுக்கு 16, 17. வரிசைக் கால்களுக்கும் பட்டன் கால்களுக்கும் உள் புல்-அப்பை நிரலில் மறக்காமல் போடுங்கள்.

இப்போது ஒரு சின்ன சோதனை நிரல் எழுதுங்கள். எட்டுக்கு எட்டாகப் புள்ளியும் நட்சத்திரமும் கணினித் திரையில் வரட்டும், காய் உள்ள இடத்தில் நட்சத்திரம். லாட்ச் செய்தபின் படிப்பதற்கு முன் 20 மைக்ரோவிநாடி பொறுங்கள். ஒரே ஒரு காயை எடுத்து 64 கட்டத்திலும் ஒவ்வொன்றாக வையுங்கள். அப்புறம் 32 காயையும் அடுக்குங்கள். எல்லாம் சரியாக வரும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

காயை அறிவது

காய் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் பலகைக்குத் தெரியும். அது ராணியா சிப்பாயா, வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. தொடக்க நிலையை வைத்து, ஒவ்வொரு நகர்வையும் நினைவில் வைத்துக்கொண்டே போவதுதான் வழி. ஆன் செய்தவுடன் 32 கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்து, குறைகிற கட்டத்தைத் திரையில் காட்டுங்கள்.

நகர்வைக் கண்டுபிடிக்கப் பலர் நீளமாக ஆனால்-இல்லையென்றால் என்று எழுதிக்கொண்டே போவார்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது. அந்த நிலையில் விதிப்படி சாத்தியமான நகர்வுகள் எல்லாவற்றையும் உங்கள் நிரல் எப்படியும் உருவாக்கப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் பிறகு பலகை எப்படி நிரம்பியிருக்கும் என்று கணக்கிட்டு, ஸ்விட்சுகள் சொல்வதோடு ஒப்பிடுங்கள். காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே முறையில் நகர்வது), என் பாசான் (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயைக் கடந்த கட்டத்தில் வெட்டுவது) எல்லாம் தனி நிரல் இல்லாமலே இதில் அடங்கிவிடும். வெட்டும் நகர்வில் மட்டும் ஒரு சிக்கல்: வெட்டிய கட்டம் முன்பும் நிரம்பியிருந்தது, பின்பும் நிரம்பியிருக்கிறது. ஒரு ராணி இரண்டு காயை வெட்ட முடிகிற நிலையில் எதை வெட்டியது என்று இறுதி நிலையை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் உங்கள் முறை நடக்கும்போது எந்தெந்தக் கட்டம் ஒரு தடவையாவது காலியானது என்பதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். காலியாகி மறுபடி நிரம்பிய எதிராளியின் கட்டம்தான் வெட்டப்பட்டது.

நகர்வு முடிந்ததைப் பட்டன் அழுத்தித் தெரிவிப்பதே நல்லது. செஸ் கடிகாரத்தைத் தட்டும் பழக்கமும் வரும். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால், காஸ்லிங் செய்யும்போது ராஜாவுக்கும் யானைக்கும் நடுவில் யாராவது தும்மினால்கூடக் குழப்பம்தான். இரண்டாவது பட்டன், சிப்பாய் கடைசி வரிசைக்குப் போகும்போது ராணி, யானை, மந்திரி, குதிரை என்று மாற்றிக் காட்டுவதற்கு.

யோசிக்கும் நிரல்

ஹெச். ஜி. முல்லர் எழுதிய மைக்ரோமேக்ஸ் என்ற செஸ் நிரல் 2 கிலோபைட்டுக்கும் குறைந்த சி மூலநிரல், ஏறக்குறைய முழு ஆட்டமும் ஆடும். அதை எடுத்துப் போட்டால் ஒரே மாலையில் பெட்டி ஆட ஆரம்பித்துவிடும். ஆனாலும் முதலில் நீங்களே ஒன்று எழுதுங்கள், எவ்வளவு மந்தமாக ஆடினாலும் பரவாயில்லை. எழுதிய பிறகு முல்லரின் நிரலைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் புரியும்.

பலகையை 64 இடமாக வைக்காமல் 128 இடமாக வையுங்கள். வரிசையை 16-ஆல் பெருக்கிப் பத்தியைக் கூட்டினால் கட்டத்தின் எண். வலது பாதி வெறும் இடம். குதிரை 14, 18, 31, 33 கூட்டியோ கழித்தோ தாவும். எச் பத்தியிலிருந்து வெளியே தாவினால் அந்த வெறும் இடத்தில் போய் விழும். கட்டத்தின் எண்ணை 136-உடன் பிட் வாரியாக அண்ட் செய்து பாருங்கள். பூஜ்யம் வராவிட்டால் பலகைக்கு வெளியே என்று அர்த்தம். ஓரத்தைச் சோதிக்கும் வேலை முழுவதும் இந்த ஒரு கணக்கோடு தீர்ந்தது.

நகர்வுகளை உருவாக்கும் பகுதியை எழுதி முடித்தவுடன் ஆட விடாதீர்கள், எண்ண விடுங்கள். தொடக்க நிலையிலிருந்து ஒரு நகர்வுக்கு 20 வழி. இரண்டுக்கு 400. மூன்றுக்கு 8,902. நாலுக்கு 1,97,281. ஐந்துக்கு 48,65,609. உங்கள் நிரல் இதே எண்களைத் தர வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எங்கோ விதி பிசகியிருக்கிறது. நாலு சரியாகி ஐந்தில் பிசகினால் என் பாசானை முதலில் பாருங்கள், அது ஐந்தாவதில்தான் முதன்முதலாக வருகிறது. காஸ்லிங் இந்த ஐந்துக்குள் வராது. அதற்கு வேறு நிலை: இரண்டு பக்கமும் ராஜாவும் இரண்டு யானைகளும் மட்டும் சொந்த இடத்தில், மற்ற எல்லாம் காலி. அங்கே எண்கள் 26, 568, 13,744. இந்த 26-ஐ நீங்களே விரலில் எண்ணிப் பார்க்கலாம்: ஒரு யானைக்கு 10, மற்றதற்கு 9, ராஜாவுக்கு 5, காஸ்லிங் 2. எனக்கு 13,744-க்குப் பதில் வேறு எண் வந்தது. யானை வெட்டுப்பட்ட பிறகும் அந்தப் பக்கம் காஸ்லிங் உரிமையை நிரல் அழிக்காமல் வைத்திருந்தது. ஆட்டத்தில் இது எத்தனை மாதம் கழித்துத் தெரிந்திருக்குமோ, எண்ணியதால் அன்றே தெரிந்தது.

மதிப்பிடுவதற்கு சிப்பாய் 100, குதிரையும் மந்திரியும் 300, யானை 500, ராணி 900 போதும். நடுக்கட்டங்களில் நிற்கும் காய்க்குக் கொஞ்சம் கூடுதல். தேடலுக்கு ஆல்ஃபா-பீட்டா, அதாவது பார்த்துப் பயனில்லாத கிளைகளை விட்டுவிடும் முறை. ஒரு நிலையில் 30 நகர்வு என்று வைத்தால் நாலு அடுக்குக்கு, அதாவது நாலு நகர்வு முன்னால் பார்க்க, 8,10,000 முடிவு நிலைகள். நல்ல நகர்வை முதலில் பார்க்கும்படி வரிசைப்படுத்தினால், மிகச் சிறந்த வாய்ப்பில் 1,799 பார்த்தாலே போதும். சிப்பாயால் ராணியை வெட்டுவது போல, சின்ன காயால் பெரிய காயை வெட்டுகிற நகர்வுகளை முன்னால் போடுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் என் பெட்டி யோசிக்கும் நேரம் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது.

அடுக்கு முடிந்த இடத்தில் அப்படியே நின்று மதிப்பிடவும் கூடாது. ராணியால் ஒரு சிப்பாயை வெட்டிய இடத்தில் தேடல் நின்றால், ஒரு சிப்பாய் லாபம் என்று நினைத்துக்கொள்ளும். அடுத்த நகர்வில் ராணி போவது அதற்குத் தெரியாது. வெட்டுக்கள் தீரும்வரை வெட்டும் நகர்வுகளை மட்டும் தொடர்ந்து பாருங்கள்.

நன்றாக ஆடிக்கொண்டிருந்த பெட்டி திடீரென்று தானே ரீஸ்டார்ட் ஆனால், ஃபங்ஷன்கள் தற்காலிகமாக எழுதும் நினைவிடமான ஸ்டாக் நிரம்பிவிட்டது என்று பொருள். ஆர்டுயினோ முறையில் இஎஸ்பி32-இன் முதன்மை நிரலுக்கு 8 கிலோபைட் ஸ்டாக்தான். செஸ்ஸில் ஒரே நிலையில் 218 நகர்வுகள்வரை இருக்க முடியும். ஒவ்வொரு அடுக்கும் தனக்கென்று அத்தனைக்கும் இடம் ஒதுக்கினால் சில அடுக்குகளிலேயே தீர்ந்துவிடும். எல்லா அடுக்குக்கும் பொதுவாக ஒரே நீளப் பட்டியலை வெளியே வைத்து, ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்கு விட்ட இடத்திலிருந்து எழுதட்டும்.

கரண்ட் போகும் ஊர் என்பதால், ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் ஆட்டத்தை ஃபிளாஷில் சேமியுங்கள். மறுபடி ஆன் ஆனவுடன், சேமித்த நிலையும் பலகையில் நிற்கும் காய்களும் ஒத்துப்போனால் ஆட்டத்தைத் தொடரட்டும்.

மிச்சம் வேலை சின்னதுதான். 32 காயின் அடியிலும் காந்தம் ஒட்டி, மேலே வெல்வெட் துணி ஒட்டுங்கள். மீதி இரண்டு காந்தம், இரண்டாவது ராணிகளுக்கு. சிப்பாயைக் கடைசி வரிசைவரை கொண்டுபோன பிள்ளை ராணிக்குப் பதில் தலைகீழாக யானையை வைக்கும். அந்த யானையின் காந்தம் மேல் பக்கம் இருப்பதால் பலகைக்கு அது தெரியாது. இரண்டு ராணிகளையும் டப்பாவில் தயாராக வைத்துவிடுங்கள்.